மருந்தை ஏன் பாதியில் விடுகிறோம்?

(கொட்டாஞ்சேனையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ளவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உங்களுக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஹட்டன், பொகவந்தலாவை, பதுளை, பசறை, மாத்தளை, தெனியாய என்று பல ஊர்ப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். செட்டியார் தெரு நகைக்கடையிலும், புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடையிலும், ஹோட்டலிலும், வீட்டு வேலையிலும் உழைத்து மாதாமாதம் லயத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று பேசுவோம். இன்றைக்கு உடம்பைப் பற்றியும், அந்த உடம்பை நடத்தும் மனதைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

காரணம் இதுதான். வைத்தியம் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நம் உறுப்பினர்களிலும் அவர்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காசநோய், ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்குச் சீனி வருத்தம். ஏன் விட்டார் என்று கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "சொன்னாக் கேக்க மாட்டாருங்க." தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டாலும் அதே பதில். சில சமயம் நம் தலைவர்மாரும் அதையே சொல்கிறார்கள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவரையும் காப்பாற்ற முடியாது. அவர் ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இலவச மருந்து, ஆறு மாதம்

காசநோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முன்பு சயரோகம் என்று சொல்லிப் பெரியவர்கள் பயந்த நோய் அது. 1882 மார்ச் 24ஆம் திகதி ஜெர்மனியில் ரொபர்ட் கொக் என்ற மருத்துவர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக இருக்கிறது. இன்றைக்கு இதற்கு நல்ல மருந்து உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை மருந்து. ஆறு மாதம் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானோருக்குப் பூரண சுகம். இலங்கையில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். மாவட்டங்களில் அரசாங்க மார்பு நோய் கிளினிக்குகள் இருக்கின்றன.

இத்தனை இருந்தும் ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் இந்த நாட்டில் காசநோயாளிகளாகப் பதிவாகிறார்கள். உண்மையில் நோய் வருபவர்கள் இதைவிட இன்னும் சில ஆயிரம் பேர் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்கள் கிளினிக் பக்கம் வராதவர்கள், இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். நாட்டிலேயே அதிகமான நோயாளிகள் கொழும்பு மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு வாடகை அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கும் கொட்டாஞ்சேனை வாழ்க்கையும், ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கும் லயத்து வாழ்க்கையும் இந்தக் கிருமிக்கு வசதியான இடங்கள்.

மருந்தைப் பாதியில் விட்டால் என்ன நடக்கும்? முதல் சில வாரங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். இருமல் குறையும், காய்ச்சல் போகும், சாப்பாடு இறங்கும். ஆனால் ஒரு பகுதிக் கிருமிகள் நெஞ்சுக்குள் அடங்கிக் கிடக்கும். அவற்றைக் கொல்லத்தான் மிச்ச மாதங்கள். நடுவில் விட்டால் அவை திரும்பப் பெருகும். விட்டு விட்டு எடுத்தால் அதே மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அப்புறம் வைத்தியம் இன்னும் கடினம், மருந்து இன்னும் கடுமை. அந்தக் கிருமி வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தொற்றினால், பிள்ளைக்கும் அதே கடுமையான வைத்தியம்தான்.

சென்னையில் கண்ட பாடம்

மருந்தை விடுவது தோட்டத்துச் சனத்தின் குணம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1956ஆம் ஆண்டு சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபொக்ஸ் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்று நம்பினார்கள். ஏழைகளுக்கு அதற்கு வழி ஏது? ஆகவே நெரிசலான சென்னைக் குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் குறைவான சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இன்று நீங்கள் வீட்டிலிருந்தே வைத்தியம் செய்ய முடிகிறதென்றால், அதற்கு அந்தத் தமிழ் ஏழைகளும் காரணம்.

அதே நிலையம் இன்னொன்றையும் கண்டது. வீட்டில் மருந்து எடுப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காக எடுப்பதில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். "எடுத்தேன்" என்று சொன்ன சிலர் எடுத்திருக்கவில்லை. படித்தவரா படிக்காதவரா, நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்து யார் விடுவார் என்று சொல்லவும் முடியவில்லை. தண்டித்தோ பயமுறுத்தியோ இதைத் திருத்த முடியாது, நோயாளிக்கு ஒரு துணை வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. ஒருவர் பக்கத்தில் நின்று மருந்தை விழுங்கப் பார்த்துக்கொள்ளும் 'டொட்ஸ்' முறையை இன்று நம் கிளினிக்குகளில் சொல்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது.

பணக்கார நாடுகளிலும் கதை வேறில்லை. நீண்ட காலம் மருந்து எடுக்க வேண்டிய நோய்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று அது சொன்னது. ஆகவே யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இது மனித மனம் வேலை செய்யும் விதம். அதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

மனம் சொல்லும் ஐந்து சாக்குகள்

முதலாவது, "எனக்கெல்லாம் வராது."

1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க நெஞ்சுப் படம் பிடிக்கும் வண்டிகளைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காசு கேட்கவில்லை, வீட்டு வாசலிலேயே வசதி. ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று பார்க்க ஹொக்பாம் என்ற உளவியலாளர் மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். எனக்கும் இந்த நோய் வரலாம் என்ற எண்ணமும், நேரத்தோடு கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்ற நம்பிக்கையும் சேர்ந்து இருந்தவர்களில் 100க்கு 82 பேர் படம் பிடித்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 பேர்தான். இலவசமாகக் கொடுத்தாலும், மனதில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் மனிதன் எழுந்து போவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று போஸ்டர் சொல்கிறது. நம் தம்பி அதைப் பார்த்து என்ன நினைக்கிறான்? "இது கடைத் தூசி." தோட்டத்தில் அக்கா என்ன நினைக்கிறாள்? "பனிக்கு வந்த தடுமல்." அதனால் "போய் செக் பண்ணு" என்று மட்டும் சொன்னால் போதாது. "உன்னோடு அறையில் படுத்தவருக்கு வந்திருக்கிறது, அதனால் உனக்கும் வந்திருக்கலாம். இப்போதே பார்த்தால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள். ஆபத்தும் தெரிய வேண்டும், அதிலிருந்து வெளியே வரும் வழியும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, "ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆவது?"

இதுதான் எல்லாவற்றிலும் பலமான சாக்கு. வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்வாரோ, முதலாளி நிறுத்திவிடுவாரோ, தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகுமோ என்ற பயம். நோயைவிட இந்தப் பயம் பெரிது. 2020 ஒக்டோபர் கடைசியில் கொரோனாவுக்காகக் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் என்று வடகொழும்பை மூடினார்கள். நவம்பர் 14 தீபாவளி. மேல் மாகாணத்தை விட்டு யாரும் போகக்கூடாது என்று தடை வந்தது. நம் பிள்ளைகள் அறைக்குள் அடைபட்டு, வேலையும் சம்பளமும் இல்லாமல் கிடந்தார்கள். மலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களைத் தோட்டத்தில் எப்படிப் பார்த்தோம்? "கொழும்பிலிருந்து வந்தவன்" என்று சொல்லிப் பீலிக்கரையில் ஒதுங்கி நின்றோம். அப்படி ஒதுக்கியபோது காய்ச்சல் வந்தவன் காய்ச்சலை மறைத்தான். நோயாளியை ஒதுக்கினால் நோய் ஒளிந்துகொள்ளும்.

காசநோய் தட்டாலும், கோப்பையாலும், துணியாலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே மருந்து எடுக்கிறவரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது, பயத்தால் மருந்து எடுக்காமல் இருக்கிறவருக்காக. அவருக்குத் தனித் தட்டு வைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்றாவது, "இப்ப நல்லாயிட்டேன்."

நம் அனுபவத்தில் மருந்து என்றால் வருத்தம் இருக்கும்போது எடுப்பது, வருத்தம் போனால் நிறுத்துவது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அது சரி. காசநோய்க்கு இரண்டாவது மாதத்தில் உடம்பு தேறும்போது இதே கணக்கைப் போட்டால் ஆபத்து. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் இன்னும் மோசம், ஏனென்றால் அவை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. குளிசையை விட்ட மறுநாளும் மலை ஏறலாம், கொழுந்து பறிக்கலாம். உடம்பு ஒன்றும் சொல்லாது. ஒருநாள் பக்கவாதமாகவோ, காலில் ஆறாத புண்ணாகவோ வந்து நிற்கும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. புகைப்பதும், போதிய சாப்பாடு இல்லாததும் அப்படித்தான்.

நான்காவது, "இந்த மருந்து சூடு, ஒத்துக்காது."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சிரிக்கமாட்டோம், ஏனென்றால் மருந்து எடுக்கிறவருக்கு உண்மையாகவே ஏதோ நடக்கிறது. காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அதை எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? முதல் நாளே கழிவறையில் அந்த நிறத்தைப் பார்த்து, "ரத்தமாப் போகுது" என்று பயந்து மருந்தைத் தூக்கி வைத்துவிடுவார். ஒரே ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அதே நேரம், கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால் அது வேறு விஷயம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். இந்த மருந்தோடு குடி சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஐந்தாவது, "போனா ஏசுவாங்க."

ஒரு தவணை தவறிப் போகிறது. அடுத்த முறை போனால் வரிசையில் எல்லோர் முன்னாலும் ஏச்சு விழும் என்று பயந்து, அந்தத் தவணையும் போவதில்லை. இப்படியே ஒரு நாள் தவறியது மூன்று மாதமாகிறது. அதோடு மொழிப் பிரச்சினை. ஐந்து நிமிடத்தில் சிங்களத்தில் வேகமாகச் சொல்வதில் பாதி விளங்குவதில்லை. விளங்கியதிலும் ஒரு பகுதி வாசலைத் தாண்டுமுன் மறந்துபோகிறது. விளங்காததைத் திருப்பிக் கேட்க நமக்குக் கூச்சம். பெரியவர்களைக் கேள்வி கேட்கக்கூடாது என்று துரைமார் காலத்திலிருந்து பழகிய கூச்சம் அது.

அந்தக் கூச்சத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்மார் பலர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு, உடம்பைச் சோதித்த பிறகே தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பார்த்த டொக்டர் அவர்களைக் குணமாக்க வந்தவரைவிட, வேலைக்கு ஆவார்களா என்று பார்க்க வந்தவராகவே தெரிந்திருப்பார். நம்பிக்கை அப்படிப்பட்ட இடத்தில் லேசில் முளைக்காது.

மனம் மாறினால் மட்டும் போதுமா?

இவ்வளவும் கேட்டுவிட்டு, எல்லாம் அவரவர் மனதில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கொம்பனிக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது மிகவும் பிடித்த முடிவு.

1916 அளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குக் குடலில் அந்தப் புழு இருந்தது. இரத்தம் குறைந்து, வெளுத்து, களைத்துப் போனார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தது. ஏனென்றால் லயங்களில் போதிய கக்கூஸ் இல்லை. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தின் வழியாகவே புழு உள்ளே போனது. "சுத்தமாக இருங்கள்" என்று சொன்ன புத்திமதி சரியானதுதான். அதன்படி நடக்க ஓர் இடம் கட்டிக் கொடுக்கவில்லை. பழியோ தொழிலாளியின் பழக்கத்தின் மேல் விழுந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500. வருகைக் கொடுப்பனவு 60 ரூபாய். மாதத்தில் 75 சதவீத நாள் வேலைக்கு வந்தால்தான் அது கிடைத்தது. ஒரு கிளினிக் நாள் ஒரு பேரை விழுங்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாதம் முழுவதற்குமான கொடுப்பனவே போனது. அப்படியிருக்க அந்த அம்மா தன் பிரஷர் குளிசைக்காகக் கிளினிக் போகவில்லை என்றால் அதை அறியாமை என்பதா, கணக்குத் தெரிந்தவர் என்பதா? நகரத்திலும் இதே கதைதான். கடையில் ஒருநாள் லீவு கேட்டால், "அடுத்த மாதம் வரவே வேண்டாம்" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

ஆக, மருந்தை விட்டவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவர் மனதில் என்ன பயம் இருக்கிறது? இவர் வழியில் என்ன தடை இருக்கிறது? பயத்தைப் பேசித் தீர்க்கலாம். தடையைப் போராடித்தான் தீர்க்க வேண்டும்.

எது உதவுகிறது?

பயமுறுத்தினால் ஆள் திருந்துவான் என்று நினைக்கிறோம். 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஏற்புவலி ஊசி போடும்படி மாணவர்களுக்குப் பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்குப் பயங்கரமான படங்களோடும், சிலருக்குச் சாதாரணமாகவும் கொடுத்தார்கள். பயந்தவர்கள் "கட்டாயம் போடுவோம்" என்றார்கள், ஆனால் போய்ப் போடவில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டி, எந்த நாள் எந்த நேரம் போகலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் 100க்கு 28 பேர் அளவில் போனார்கள். சொல்லப்படாதவர்களில் 3 பேர்தான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது மிகவும் எளிது. "கிளினிக் போ" என்று சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை காலையில் ஆறு மணி பஸ்ஸில் நானும் நீயும் போகிறோம், கிளினிக் கொப்பியை இரவே பையில் வை" என்று சொல்லுங்கள். மருந்து எடுக்கும் நேரத்தை, நாள் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டிவையுங்கள். பெரட்டுக்குப் போகுமுன், கடை திறக்குமுன், பல் துலக்கியவுடன் என்று டொக்டர் சொன்ன நேரத்துக்குப் பொருந்தியதைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாட்காட்டியில் எடுத்த நாளைக் கோடு போட்டு அழியுங்கள்.

இன்னொன்று நம்பிக்கை. என்னால் இதைச் செய்து முடிக்க முடியும் என்று நம்புகிறவர்தான் கடினமான வேலையைத் தொடர்ந்து செய்கிறார் என்று 1977இல் அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் விளக்கினார். தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்து முடித்ததைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை வளரும் என்றும் சொன்னார். இது நமக்குப் புதிதா? 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் 1,000 ரூபாய் சம்பளம் கேட்டு மலையகத்துப் பிள்ளைகள் கறுப்பு உடையில் திரண்டார்கள். அதில் இங்கே இருக்கும் சிலரும் போயிருப்பீர்கள். தனியாக இருந்தால் எத்தனை பேர் போயிருப்போம்? பக்கத்துக் கடைப் பிள்ளை போகிறான் என்றதும்தானே கால் எழுந்தது? மருந்துக்கும் அதே விதிதான். ஆறு மாத மருந்தை முடித்துச் சுகமானவர் ஒருவர், "எனக்கும் இரண்டாம் மாதம் இப்படித்தான் அலுத்துப் போச்சு, ஆனா முடிச்சிட்டேன்" என்று சொன்னால் அது டொக்டர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். அப்படி முடித்தவர்கள் விருப்பமிருந்தால் மற்றவர்களுக்குத் துணையாக வாருங்கள். விருப்பமில்லாதவரின் பெயரை யாரும் வெளியில் சொல்லக்கூடாது. அது நம் குழுவின் கட்டாய விதி.

வீட்டில் பேசும் விதத்தையும் மாற்றுவோம். "மருந்து குடிச்சியா இல்லையா?" என்று பொலிஸ்காரர் மாதிரிக் கேட்டால் பொய்தான் பதிலாக வரும். "எத்தனை நாள் தவறிப் போச்சு? எல்லாருக்கும் தவறுறதுதான். என்ன காரணத்தால தவறிச்சு?" என்று கேளுங்கள். அப்பாவிடம் மகள் கேட்டால் சொல்லாததை அவருடைய கூட்டாளி கேட்டால் சொல்வார். மாமியாரிடம் மருமகள் சொல்லத் தயங்குவதை மாதர் சங்கத் தலைவி கேட்டால் சொல்வாள். யார் கேட்டால் வாய் திறப்பார் என்று பார்த்து அவரை அனுப்புங்கள்.

கொழும்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு சொல். தீபாவளிக்கும், பொங்கலுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் நீங்கள் மலைக்குப் போகிறீர்கள். போய்ப் பத்து நாள் தங்கிவிட்டால் அங்கே மருந்து அறுந்துபோகிறது. வேலை போய் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் இப்படித்தான். போகுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழிக்கு மருந்து வேண்டுமா, ஊர்ப் பக்கத்து மார்பு நோய் கிளினிக்குக்கு மாற்றிக் கடிதம் தர வேண்டுமா என்று அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். மாற்றம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.

சங்கத்தின் வேலை

தோழர்களே, இனி நம் பொறுப்பைச் சொல்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டத்துக் கமிட்டியிலும், இங்கே கொட்டாஞ்சேனையிலும் இரண்டு பேரைத் துணையாக நியமிப்போம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்கள் டொக்டர் வேலை பார்க்கமாட்டார்கள். கிளினிக் நாளை நினைவுபடுத்துவார்கள், தேவையென்றால் கூடப் போவார்கள், கேட்டதை வெளியில் சொல்லமாட்டார்கள்.

இரண்டு, கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது என்ற கோரிக்கையை எல்லாப் பேச்சுவார்த்தையிலும் முன்வைப்போம். சம்பளத்தைக் கூட்டுவதும், சம்பளத்தை இழக்காமல் வைத்தியம் பார்ப்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம்.

மூன்று, தமிழில் பதில் கேட்போம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிவிட்டது. மருந்து உறையில் "காலை, இரவு, சாப்பிடுமுன், சாப்பிட்டபின்" என்று தமிழில் எழுதித் தரச் சொல்வது சலுகை கேட்பதாகாது. எழுதாவிட்டால் மரியாதையாக நின்று கேளுங்கள். ஊழியர் பற்றாக்குறையோடு வேலை செய்யும் தாதிமாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவர்களும் உழைப்பாளிகள்தான். மேலிடத்தில் கேட்க வேண்டியதைச் சங்கம் கேட்கும்.

நான்கு, லயத்துக் காம்பராவுக்குப் பதிலாகக் காற்றோட்டமான தனி வீடு என்ற நம் பழைய கோரிக்கையைக் காசநோய்க் கோரிக்கையாகவும் பேசுவோம். ஜன்னல் இல்லாத காம்பராவில் எந்த மருந்தும் தனியாகப் போராட முடியாது.

கடைசியாக, இந்த மண்டபத்தை விட்டுப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அறையில், உங்கள் கடையில், உங்கள் லயத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருக்கிறவர் யார், கிளினிக் கொப்பியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டவர் யார் என்று யோசியுங்கள். ஒருவர் முகம் ஞாபகம் வரும். இன்று இரவே அவருக்கு ஒரு போன் போடுங்கள். ஏசாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். "என்ன ஆச்சு, ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு, எந்தக் கிழமை சேர்ந்து போகலாம் என்று நாளைக் குறியுங்கள். கூடப் போக ஆள் இல்லாவிட்டால் நம் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.